அறுபதாவது பெயர்

அத்தியாயம் 5

கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். பழத்துக்குக் கீழே நாலு பச்சை மிளகாய், மானிட்டரின் நெற்றியில் மூன்று விரல் திருநீறு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குப்பியில் மாதா கோவில் தீர்த்தம். துபாயில் ஏழு வருஷம் சர்வர் ரூம் குளிரில் நடுங்கிக்கொண்டு வேலை பார்த்தவன் நான். ஒரு கம்ப்யூட்டருக்கு இத்தனை பாதுகாப்பை அங்கே பார்த்ததில்லை.

“நம்ம காயல்பட்டினம் சார்பா ஒரு தாயத்து மட்டும்தான்க்கா குறையுது” என்றேன்.

மாடத்தி அக்கா சிரிக்கவில்லை. முழுப் பெயர் சுடலைமாடத்தி. கடலோரக் காவலில் முப்பது வருஷம் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். இப்போது தூத்துக்குடியில் ஒரு மக்ரூன் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். பேயே வந்தாலும் பெயர், தகப்பனார் பெயர், முகவரி கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். நான் அவருக்கு உதவியாளன். எழுதுவதற்கு முன்பே பயந்துவிடுவேன்.

நாங்கள் நின்றது திரேஸ்புரம் கடற்கரையில், நீலமுனை சங்கு கம்பெனியின் பின்னறையில். கம்பெனி என்று பெயர்தான் பெரிது, மொத்தமே கூரை போட்ட இரண்டு அறை. சங்கு குளிக்கக் கடலுக்குப் போகிறவர்கள் காலையில் வாசலில் இருக்கும் மெஷினில் அட்டையைக் காட்ட வேண்டும். பதிவேட்டில் அவர்கள் பெயர் சிவப்பாகும். திரும்பி வந்து மறுபடி காட்டினால் பச்சையாகும். பச்சையானவுடன் வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகும், இன்னார் கரை சேர்ந்தார் என்று. யோசனை நல்ல யோசனைதான்.

நாற்பத்தோரு நாளைக்கு முந்தின வியாழக்கிழமை சந்தியாகு என்பவர் கடலுக்குப் போனார். சாயந்தரம் அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு மெசேஜ் வந்தது. ஆள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மெசேஜ் மட்டும் அதற்குப் பிறகு ஐந்து தடவை வந்துவிட்டது. சந்தியாகு கரை சேர்ந்தார். சந்தியாகு கரை சேர்ந்தார்.

“ஒவ்வொரு தடவையும் துண்டும் மாத்து வேட்டியும் எடுத்துட்டுக் கரைக்கு ஓடுதேன்” என்று மூன்று நாளைக்கு முன்னால் எங்கள் மாடியில் உட்கார்ந்து சொன்னாள் ஜெசிந்தா. “கரையில நாய்தான் நிக்கும். கம்பெனியில, உன் புருசன் கரையேறி எங்கனயோ ஓடிட்டான்னு சொல்லுதாவ. போலீசுலயும் அதத்தான் சொல்லுதாவ. மாதா கோவில் சாமியாருகிட்ட பூசை வைக்கக் கேட்டா, கரை ஏறுன ஆளுக்கு எப்படிம்மா இறந்தவுகளுக்கான பூசை வைக்கன்னு அவரும் முழிக்காரு.” கண் வறண்டிருந்தது. “அவிய உசிரோட இருந்தா இருக்காவன்னு சொல்லுங்கக்கா. இல்லன்னா ஒரு தேதி குடுங்க. தேதி இல்லாம நான் எப்ப உக்காந்து அழ?”

அந்தத் தேதியைத் தேடித்தான் வந்திருந்தோம். நேற்றே சம்பந்தப்பட்ட இரண்டு வல்லப் படகுக்காரர்களையும் விசாரித்தாகிவிட்டது. ஒரு வல்லம் சீக்கிரம் கரை திரும்பினால், இன்னும் கொஞ்சம் குளிக்க நினைக்கிறவர்கள் நடுக்கடலிலேயே இன்னொரு வல்லத்துக்கு மாறிக்கொள்வது இங்கே வழக்கம். சந்தியாகு போன வல்லக்காரர், அவன் அந்த வல்லத்துக்கு மாறிட்டான் என்றார். அந்த வல்லக்காரர், இங்கன வரவே இல்ல என்றார். அப்புறம் இரண்டு பேரும் ஒரே மாதிரி கையை விரித்துச் சொன்னது: எப்படியோ வந்து சேர்ந்திருக்கான், பதிவேட்டுல பச்சைதான இருக்கு.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா” என்றார் கம்பெனி முதலாளி லிங்கராஜ். ஐம்பத்தைந்து வயது, கசங்காத வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பைல். அதிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். “வியாழக்கிழமை சாயந்தரம் அஞ்சு நாப்பத்தொண்ணு. கரையில் அறுபது, கடலில் பூஜ்யம். சீல் வச்சிருக்கேன், பாருங்க.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னா எலுமிச்சம்பழம் எதுக்கு அண்ணாச்சி?” என்றேன்.

அவர் பைலை இடுக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். பதில் சொன்னது கணக்கர் உமாராணி. நாசரேத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற பெண். பேசும்போது கண் மட்டும் மானிட்டரை விட்டு நகரவில்லை.

“காசிலிங்கம்னு ஒரு அண்ணாச்சி இருந்தாவ. தை மாசம் நெஞ்சுவலியில வீட்டுலயே செத்துட்டாவ. நானே மாலை கொண்டு போட்டேன். பொறவு பதிவேட்டுல இருந்து பேர அழிச்சேன்.” விரலால் மானிட்டரைக் காட்டினாள். “ரெண்டு நாள்ல திரும்ப வந்துட்டாவ. பச்சையா, கரையில்னு. அழிச்சேன். மறுபடி வந்தாவ. இந்தா, இன்னைக்குக் காலையிலயும் அழிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். அழிச்சா அம்பத்தொம்பது. வந்தா அறுபது.”

என் கையில் மயிர் குத்திட்டு நின்றது. மௌத்தானவர்கள் கப்ருக்குழியில் இருக்க வேண்டும், பட்டியலில் வரக் கூடாது என்பது என் கொள்கை.

“ஏலே, மயிர் நிக்கது இருக்கட்டும். மெஷினுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு” என்றார் அக்கா.

பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை ஒதுக்கிவிட்டு நாலு கட்டளை அடித்ததில் பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது. அடித்துப் போட்டமாதிரி உட்கார்ந்திருந்த என் தைரியமும் கொஞ்சம் எழுந்தது.

“பதிவேடு டாக்கர்னு ஒரு சாப்ட்வேர்ல ஓடுதுக்கா. போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ ஒரு கன்டெய்னருக்குள்ள போட்டு வச்சிருக்கான், செஞ்சு குடுத்தவன்.”

“துறைமுகத்துல லாரியில போவுமே, அதா?”

“பேரு மட்டும்தான் அது. இது மெஷினுக்குள்ள இருக்க ஒரு அறை. இப்பிடிப் பாருங்க. திருச்செந்தூர் லாட்ஜுல ரூம் எடுக்காங்க. காலி பண்ணிட்டுப் போயி, மறுபடி வந்து அதே ரூம எடுத்தா, முன்ன விட்டுட்டுப் போன சாமான் கெடக்குமா? புது விரிப்பு, புது சோப்பு, முத நாளு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். அதனால சாமான ரூமுக்கு வெளிய ஒரு லாக்கர்ல வைக்கணும். வால்யூம்னு சொல்லுவோம். பேர் போட்டு ஒரு வால்யூம் வச்சா, ரூம நூறு தடவ காலி பண்ணாலும் பதிவேடு பத்திரமா இருக்கும். இவனுக லாக்கரே எடுக்கல.”

“அப்போ காலி பண்ணும்போதெல்லாம் எழுதுனது போயிரும்.”

“எழுதுனதும் போயிரும், அழிச்சதும் திரும்பி வந்துரும். காசிலிங்கம் அண்ணாச்சி மாதிரி.”

“இத்தன மாசமா ஒருத்தரும் கவனிக்கலையா?” என்று அக்கா உமாராணியைப் பார்த்தார்.

“தினம் சாயந்தரம் பிரிண்ட் எடுத்து சீல் வச்சுருவோம்க்கா. பழச யாரு கம்ப்யூட்டர்ல பாக்கா?”

அதுதான் நம்ம ஊர். கம்ப்யூட்டர் வாங்குவதே பிரிண்ட் எடுக்கத்தான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “முத நாளு ரூமு எப்படி இருந்துச்சு? அத யாரு அலங்காரம் பண்ணா?”

இதைச் செய்து கொடுத்த பையன் ஜெயகணேஷுக்குப் போன் போட்டேன். இப்போது பெங்களூரில் பெரிய வேலை. குரலில் குற்றவுணர்ச்சி அப்பட்டமாகக் கேட்டது.

“அண்ணே, சோதனைக்குத்தான் போட்டேன். வால்யூம் வரி ஒண்ணு சேக்கணும்னு சொன்னேன். முதலாளிதான், ஓடுதுல்லா பெறவு என்னன்னுட்டாவ. பதிவேடு காலியா எழும்பும்போது மொதல்ல ஏத்துறதுக்குன்னு ஒரு பட்டியல் வச்சிருக்கேன். கார்த்திகை மாசம் ஒரு நாள் எடுத்தது. கன்டெய்னர் புதுசா வரும்போதெல்லாம் அந்தப் பட்டியல்தான் ஏறும். ஏறுன உடனே அதுல பச்சையா இருக்க எல்லாருக்கும் மெசேஜ் போவும். போன மெசேஜ் எதுன்னு வச்ச குறிப்பும் அழிஞ்சிருக்கும்லா.”

“என்னைக்கு எடுத்தான்னு கேளு” என்றார் அக்கா.

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் லீவு, இடைஞ்சல் இல்லாமல் வேலை பார்க்கலாம் என்று வந்தானாம்.

அக்கா மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். “ஞாயித்துக்கிழமை இந்தக் கரையில எவம்லே கடலுக்குப் போவான்? எல்லாம் கோவில்ல இருப்பான், இல்லன்னா வீட்டுல கறி தின்னுட்டு இருப்பான். அந்தப் பட்டியல்ல அறுபது பேரும் பச்சை. காசிலிங்கம் உசிரோட இருக்காரு. சந்தியாகும் வீட்டுல இருக்கான்.”

வேறு எந்தக் கிழமை எடுத்திருந்தாலும் நாலு பெயராவது சிவப்பாக நின்று காட்டிக் கொடுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எடுத்ததால், பதிவேடு ஒவ்வொரு தடவை மறக்கும்போதும் ஊரே சுகமாகக் கரையேறிவிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தது. மற்ற வீடுகளில் ஆள்தான் தினமும் திரும்பி வந்துவிடுகிறானே, கூடுதலாக வந்த மெசேஜை மெஷின் கோளாறு என்று தள்ளியிருப்பார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“கேஸ் முடிஞ்சுதுக்கா. நம்ம ஊர்ல கரன்ட் போறதுக்குப் பஞ்சமா? அன்னைக்கும் போயிருக்கும், பதிவேடு மறந்திருக்கும்” என்றேன்.

அக்கா குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். மானிட்டர் அணைந்தது. உமாராணி பதறி எழுந்தாள். அக்கா நிதானமாக ஐந்து வரை எண்ணிவிட்டுத் திரும்பச் சொருகினார். மெஷின் எழுந்து, கன்டெய்னர் தானாக எழுந்து, பட்டியல் வந்தது. ஐம்பத்தொன்பது பெயர். காசிலிங்கம் இல்லை.

என் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. “ஆமாக்கா. கரன்ட் போனா ரூமுக்குள்ளேயே தூங்கி எந்திரிக்கிற மாதிரி. சாமான் அப்படியே இருக்கும். காலி பண்ணாத்தான் போவும்.”

“அப்போ இது தானா நடக்கல. யாரோ கையால காலி பண்ணியிருக்காங்க.” அக்கா எழுந்தார். “வா, டீ குடிப்போம்.”

டீக்கடை கம்பெனிக்கு எதிரிலேயே இருந்தது. அக்கா காரணமில்லாமல் டீ குடிக்க மாட்டார். கடைக்காரர் சிவனாண்டி, செத்துப்போன காசிலிங்கத்தின் அண்ணன். தம்பிக்குக் குடும்பம் கிடையாது. கம்பெனிப் பதிவேட்டில் அவருக்காகக் கொடுத்திருந்தது இவருடைய நம்பர்.

“மெசேஜ் வருதா அண்ணாச்சி?” என்றார் அக்கா, சுற்றி வளைக்காமல்.

சிவனாண்டி பாய்லரைத் துடைப்பதை நிறுத்தினார். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அவர் முகத்தில் தெரிந்தது. பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒரு கண்ணாடித் தம்ளரைக் காட்டினார். “வரும்போதெல்லாம் ஒரு டீ ஆத்தி அங்கன வைப்பேன். சீனி கம்மியா. அவனுக்குச் சுகர் இருந்துச்சு.” போனைத் திறந்து கொடுத்தார். “ஒண்ணையும் அழிக்கல. அழிச்சா வராமப் போயிருவானோன்னு பயம்.”

தம்பி மேல் பயமில்லை, வராமல் போய்விடுவான் என்றுதான் பயம். நான் அந்தத் தம்ளருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.

அக்கா மெசேஜ்களை ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தார். “ஹாமிது, இங்கன பாரு. பேயி சந்தியாகுக்கு முந்தியே வந்திருக்கு.”

தை மாதத்திலிருந்தே வந்திருந்தது, வாரத்துக்கு இரண்டு மூன்று. எல்லாம் சாயந்தரம் ஐந்து முப்பத்தைந்துக்கும் ஐந்து நாற்பத்தைந்துக்கும் நடுவில். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான். அதற்குப் பிறகு ஐந்தே ஐந்து, ஜெசிந்தாவுக்கு வந்த அதே ஐந்து நாள். ஆனால் அந்த ஐந்தும் காலை பத்து மணி வாக்கில்.

“நேரம் மாறிட்டு” என்றேன்.

“நேரம் மட்டுமா மாறியிருக்கு? கையும் மாறியிருக்கு. சாயந்தரம் காலி பண்ணது ஒருத்தரு. காலையில காலி பண்ணது இன்னொருத்தரு.” டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தார்.

நாங்கள் திரும்பியபோது ஜெசிந்தா வந்து முன்னறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வரச் சொல்லியிருந்தார். லிங்கராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் சங்கு மேஜையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அந்த வியாழக்கிழமைத் தாள இன்னொரு தடவ குடுங்க அண்ணாச்சி.”

அவர் பெருமையாகவே கொடுத்தார். அவருக்கு அது பெரிய சாட்சி. அக்கா மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“தை மாசம் செத்தவரு மாசி மாசம் எந்தக் கரையில வந்து சேந்தாரு?”

லிங்கராஜ் குனிந்து பார்த்தார். முப்பத்தேழாவது வரியில் காசிலிங்கம். கரையில். கீழே அவருடைய சீல், அவருடைய கையெழுத்து.

“காலையில உமாராணி அழிச்சா அம்பத்தொம்பது. அறுபதுன்னு தாள் சொன்னா, அந்தத் தாள் அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால பதிவேட்ட யாரோ மறக்க வச்சிருக்காங்கன்னு அர்த்தம். சந்தியாகு கரை சேந்தான்னு இந்தத் தாள் சொல்லல அண்ணாச்சி. காசிலிங்கம் எந்தக் கரையிலயோ, அந்தக் கரையில சந்தியாகுன்னு சொல்லுது.”

பெஞ்சில் இருந்த ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள்.

“இருந்தாலும் நிரூபிக்க முடியாதுக்கா” என்றேன் தணிந்த குரலில். “மறக்கிறதுக்கு முன்னால பதிவேட்டுல என்ன இருந்துச்சுன்னு தெரியாது. போனது போனதுதான்.”

“ஏலே, லாட்ஜுக்காரன் நீ விட்டுட்டுப் போன சாமான என்ன செய்வான்? கடல்லயா போடுவான்?”

“இல்ல, எங்கயாவது பின்கட்டுல…” என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றேன். ஏழு வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்கிறவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். நாம் லாக்கர் எடுக்காவிட்டால் போஸ்ட்கிரெஸ் சும்மா இருப்பதில்லை. ரூமுக்கு ஒன்றாகத் தானே ஒரு வால்யூமை எடுத்துக்கொள்ளும், பெயர் வைக்காமல். அறையைக் காலி செய்தால் அது அழியாது. அடுத்த தடவை புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளும், பழையது கேட்பாரற்றுக் கிடக்கும்.

பின்னறைக்கு ஓடி உட்கார்ந்து மெஷினிடமே கேட்டேன். திரையில் வரிசையாக வந்து விழுந்தன. முப்பத்தெட்டு வால்யூம். ஒன்றுக்கும் பெயர் கிடையாது, அறுபத்து நாலு எழுத்தில் அர்த்தமில்லாத நம்பர். கல் வைக்காத கப்ருகளைப் பார்ப்பதுபோல இருந்தது. ஒவ்வொன்றிலும், மறக்கப்படுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அந்தப் பதிவேடு எப்படி இருந்ததோ அப்படியே படுத்திருந்தது.

அந்த வியாழக்கிழமை கடைசியாகத் தொட்டதைத் தேடிப் பிடித்தேன். மூலத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்தேன். அதைப் புதிய கன்டெய்னர் ஒன்றில் மாட்டி எழுப்பினேன். பட்டியல் வந்தது. ஐம்பத்தொன்பது பெயர். ஐம்பத்தெட்டு பச்சை.

நடுவில் ஒன்று சிவப்பு. சந்தியாகு. போன நேரம் காலை ஐந்து நாற்பத்தெட்டு. வந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

ஜெசிந்தா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் கை நீண்டு வந்து அந்தக் காலிக் கட்டத்தைத் தொட்டது.

உமாராணி அழ ஆரம்பித்தாள். கைப்பையிலிருந்து மடித்து மடித்துக் கந்தலான ஒரு துண்டுச்சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஜெயகணேஷின் கையெழுத்தில் இரண்டு வரி. ஒன்று கன்டெய்னரை அகற்றுவது, ஒன்று புதிதாக எழுப்புவது.

“மெஷின் மாட்டிக்கிட்டா இத அடிங்கன்னு எழுதிக் குடுத்தாவ. ஒரு தடவ அடிச்சேன். சிவப்பா இருந்த நாலு பேரும் பச்சையாயிட்டாவ.” கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. “குளியாளுக பாதிப் பேரு அட்டையக் காட்ட மாட்டாவக்கா. கரையேறுனா நேரா கடைக்குப் போயிருவாவ. முன்னெல்லாம் சாயந்தரம் நான் வீடு வீடாப் போயி, அண்ணன் வந்துட்டாவளான்னு கேட்டுட்டு வருவேன். அஞ்சு அம்பது பஸ்ஸ விட்டா அடுத்தது ஏழே கால். வீட்டுல கைப்பிள்ள கெடக்கு. அதான் யாராவது சிவப்பா நின்னா, இந்த ரெண்டு வரிய அடிப்பேன். எல்லாரும் கரைக்கு வந்துருவாவ. காசிலிங்கம் அண்ணாச்சியும் கூடவே வருவாவ. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.”

“அந்த வியாழக்கிழமை?”

“ஒரே ஒரு சிவப்பு. எப்பவும் போல மறந்திருப்பாவன்னு நெனச்சேன்.”

அக்கா அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். “காலையில அடிச்சது யாரு?” என்று மட்டும் கேட்டார்.

உமாராணி முன்னறைப் பக்கம் பார்த்தாள். “வெள்ளிக்கிழமை காலையில இந்த ஜெசிந்தாக்கா வந்து நின்னதப் பாத்ததும் எனக்கு உசிரே போயிட்டு. எட்டரை மணிக்கு முதலாளிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாவ. மனசு கேக்காம அஞ்சு தடவ சந்தியாகு அண்ணன் பேர நான் சிவப்பா மாத்தி வச்சேன், யாராவது பாக்கட்டும்னு. அஞ்சு தடவையும் முதலாளி வந்து அந்த ரெண்டு வரிய அடிச்சாவ.”

ஒவ்வொரு தடவையும் அவள் உண்மையை எழுதி, அவர் அதை மறக்க வைத்து, மெசேஜ் கிளம்பியதால்தான் ஜெசிந்தா துண்டும் வேட்டியுமாகக் கரைக்கு ஓடியிருக்கிறாள்.

லிங்கராஜ் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க வேர்வை.

“ஒரு கணக்கப்பிள்ள செஞ்ச தப்பு அண்ணாச்சி இது. வெள்ளிக்கிழமை காலையிலயே சொல்லியிருந்தா உங்க மேல ஒண்ணும் வந்திருக்காது. எதுக்கு மறைச்சீக?” என்றார் அக்கா.

அவர் கையை நீட்டி அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பேசியபோது குரல் அவருடையதாகவே இல்லை.

“வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்துச்சு. மாலத்தீவுக்குப் போற தோணிக்காரங்க முயல்தீவுக்குத் தெக்க ஏதோ விசில் சத்தம் கேட்டதா ரேடியோவுல சொல்லியிருக்காங்க. இருட்டுல ஆளு தெரியலியாம். உங்க கம்பெனியில எல்லாரும் வந்தாச்சான்னு ஸ்டேசன்ல இருந்து கேட்டாவ.” கையில் இன்னும் அந்தத் தாள் இருந்தது. “நான் இதப் பாத்துட்டு, அறுபது பேரும் கரையிலன்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டாவ.”

“சரி. அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை எட்டரைக்குத் தெரிஞ்சுதுல்லா?”

“தெரிஞ்சுது. அப்பப் போயித் தேடுங்கன்னு சொன்னா, ராத்திரி ஏன் அப்பிடிச் சொன்னீருன்னு கேப்பாவளே. ஒரு ராத்திரி போயிட்டு, இனி எங்க இருக்கப் போறான்னு…”

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையை மடக்கிக்கூட விட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து, பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். இப்போதே வாக்குமூலம் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, நேராக ஸ்டேஷனுக்குப் போகிறோம் என்றார். எழுத ஆரம்பித்தார். சந்தியாகு, சங்கு குளியாள், கடலில் காணாமல் போய் இறந்த நாள் வியாழக்கிழமை…

“வெள்ளின்னு எழுதுங்க” என்றாள் ஜெசிந்தா.

அக்கா நிமிர்ந்தார்.

“எட்டு மணிக்கு விசிலடிச்சிருக்காவ” என்றாள் அவள். குரல் நடுங்கவில்லை. கணக்குப் போடுகிற குரல். “எட்டு மணிக்கு விசிலடிக்கத் தெம்பு இருந்த மனுசன் ராத்திரிக்குள்ள சாவ மாட்டாவ. அவிய முயல்தீவுக்கும் கரைக்கும் பந்தயத்துக்கு நீந்துனவிய. சளைச்சா மல்லாந்து மெதப்பாவ. விடியிற வரைக்கும் மெதந்திருப்பாவ. ஏழு மணிக்கு நான் இங்கன வந்து நின்னேன், எட்டரைக்கு இவரு விசயத்தக் கேட்டாரு. அப்பவும் அவிய அங்கனதான் வல்லம் வருதான்னு பாத்துட்டு இருந்திருப்பாவ. வியாழக்கிழமை சாவலக்கா. வெள்ளிக்கிழமை.”

அக்கா முப்பது வருஷம் வாக்குமூலம் எழுதியவர். கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்று எனக்கே நூறு தடவை பாடம் எடுத்தவர். அவர் வியாழன் என்ற சொல்லை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே வெள்ளி என்று எழுதினார். தாளைத் திருப்பி ஜெசிந்தாவிடம் காட்டினார்.

அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.